1,80,000 கி.மீ. ஓடிய டிசையர்: முன்பக்கம் கடகட சத்தம், ஷாக் மாற்றத்தான் வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். 2012 டிசையர் டீசல். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறி இறங்கும் வண்டி. மெதுவாகப் போகையில் சின்னக் குழியில் விழுந்தாலே இடதுபக்கம் கடகடவென்று அடிக்கிறது. இடது டயரின் உள்விளிம்பும் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஆனால் ஷாக்கில் ஆயில் கசிவே இல்லை.

ஸ்பேனர்17:
முதலில் லூஸ் எங்கே என்று பாருங்கள் தம்பி. ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். சின்னக் குழியில் வரும் கடகடப்புக்கு ஸ்டெபிலைசர் லிங்க்கையும் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) கையால் அசைத்துப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்:
பார்த்தேன் அண்ணா. பிரேக் மிதித்தும் ஆடுகிறது. லோயர் ஆர்மில் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் கை) இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்குகிறது. லிங்க்கும் லூஸ். புஷ் மட்டும் போட்டால் போதுமா?

ஸ்பேனர்17:
வேண்டாம். புஷ், பால் ஜாயின்ட் இரண்டுமே போயிருப்பதால் பால் ஜாயின்டோடு வரும் முழு லோயர் ஆர்மையே போடுங்கள். வலதுபக்கமும் அதே கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, ஜோடியாக மாற்றுவதே நல்லது. மாற்றும்வரை தயவுசெய்து மலை இறங்காதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், வண்டி நம் கையில் இருக்காது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருந்து, புதுசே சீக்கிரம் கிழியும். போல்ட்டை முதலில் கையால் மட்டும் முறுக்கிவைத்து, சக்கரத்தின் மேல் வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

டீசல்நேசன்:
நின்றபடி ஸ்டீயரிங் திருப்பும்போது 'டங்' என்று அடிக்கிறதா? அடித்தால் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல்முனையில் இருக்கும் மவுண்ட் பேரிங்கையும் பாருங்கள். அதற்கு ஸ்ட்ரட்டைக் கழற்றியாக வேண்டும், அப்போது ஷாக்கையும் சேர்த்து யோசிக்கலாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடவே கூடாது.

கோத்தகிரிக்காரன்:
அந்தச் சத்தம் இல்லை. அப்படியென்றால் ஆர்ம், லிங்க் மட்டும். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) உடனே செய்யலாமா?

ஸ்பேனர்17:
அன்றைக்கே செய்யுங்கள். தேய்ந்த டயரில் கம்பி தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.