நாலாப்பு, அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம். கிராமத்து அரசுப் பள்ளியில் 4, 5 வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 18 பேரில் 7 பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டக் கணக்கில் 'அரும்பு', அதாவது தொடக்க நிலை. பெரும்பாலும் செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பங்கள். தை பிறந்தால் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளும் கிளம்பிவிடுவார்கள்.

நேற்று ஒரு பையன் 'கொக்கு' என்ற சொல்லில் விரல் வைத்து, 'கெ... கா' என்று இரண்டாகப் பிரித்தான். முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடவில்லை. அதே பையனிடம் செங்கல் அறுப்பதைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிஷம் பேசுவான். அவன் சொன்னதை அப்படியே பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். நாலு வரி தடங்கலில்லாமல் வாசித்தான்! மனசு நிறைந்துபோனது.

ஆனால் புத்தகம்தான் சிக்கல். எளிய படக்கதை கொடுத்தால், "இது ஒண்ணாப்பு புக்கு சார்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் வயசுக்கேற்ற கதை, ஆனால் சின்னச் சொற்கள், பெரிய எழுத்து: அப்படி ஏதாவது தெரியுமா? ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைப் புத்தகத் தளத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். கொம்பெழுத்துகளைப் பழக்க நீங்கள் வகுப்பில் செய்து பலன் கண்டதையும் எழுதுங்கள். தை வருவதற்குள் முடிந்தவரை செய்துவிட வேண்டும்.