‘எம்பிரிகல்’ சட்ட ஆய்வு: தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

திருவாரூரிலிருந்து, வியாழன் இரவு

குழுவினருக்கு வணக்கம். சட்ட மாணவர்களுக்கு ஆய்வு முறை நடத்துகிறேன். தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. என் அத்தியாயம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், நான் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறேன்.

சட்டப் பிரிவையும் தீர்ப்பையும் வைத்துக்கொண்டு செய்வதற்குக் ‘கோட்பாட்டு ஆய்வு’ என்று போட்டாயிற்று. சட்டம் ஊரில் எப்படி நடக்கிறது என்று கேட்டு, எண்ணி, சரிபார்த்துச் செய்வதை எம்பிரிகல் என்கிறார்களே, அதற்குத்தான் சொல் அமையவில்லை. 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகைதாரர் பெயர் பதிவேட்டில் ஏற அது வழி செய்கிறது. நம் பக்கத்து வாய்மொழிக் குத்தகைதாரர்களில் எத்தனை பேர் ஏற்றினார்கள்? ஏற்றாதவர்கள் ஏன் ஏற்றவில்லை? சட்டப் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. அகராதியில் ‘அனுபவ’ என்று இருக்கிறது. ‘அனுபவச் சட்ட ஆய்வு’ சரியா?

மன்னார்குடியிலிருந்து, வெள்ளி காலை

அம்மா, அந்தச் சொல்லை மட்டும் தொடாதீர்கள். நாற்பது வருஷமாக சிவில் கோர்ட்டில் நிற்கிறேன். ‘என் சுவாதீனத்திலும் அனுபவத்திலும் இருந்துவரும் நஞ்சை’ என்று எழுதாத பத்திரம் இந்த டெல்டாவில் உண்டா? எதிரிடை அனுபவம் என்றால் அடுத்தவன் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டுப் பாத்தியம் கொண்டாடுவது. உங்கள் தலைப்பைப் பார்த்தால் எங்கள் பார் ரூமில் எல்லோரும் வரப்புத் தகராறு என்றுதான் நினைப்பார்கள். ‘அனுபவ’த்தைக் கோர்ட்டு எதிரிடை அனுபவமாக எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாச்சு.

கும்பகோணத்திலிருந்து, வெள்ளி மதியம்

வடசொல் தானாக ஒழிந்தது, நல்லது. நம்மிடம் இல்லாத சொல்லா? அறியும் வழிக்கு அளவை என்று பெயர். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் மூன்றைக் கொள்ளும். மணிமேகலையில் பௌத்தர் தரப்பு உரையைத் தள்ளிவிட்டு இரண்டே போதும் என்கிறது. தீர்ப்பையும் சட்டப் பிரிவையும் நம்பிச் செய்யும் ஆய்வு உரையளவை. நேரே கண்டு செய்வது காட்சியளவை. ஆகவே ‘காட்சியளவைச் சட்ட ஆய்வு’.

இன்னொன்றும் கவனியுங்கள். கண், காண், காட்சி, கணி, கணக்கு. எல்லாம் ஒரே வேர். பார்ப்பதும் எண்ணுவதும் தமிழனுக்கு ஒரே செயல்! கணக்கை வடமொழிக் ‘கணம்’ என்பதிலிருந்து இழுத்து வருபவர்களுக்குத் தனியாகப் பதில் வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புவேன்.

மயிலாடுதுறையிலிருந்து, வெள்ளி மாலை

ஐயா, கேட்கவில்லை. ‘அளவை’ என்றால் எங்கள் ஊரில் சங்கிலி பிடிக்கிற சர்வேயர்தான் நினைவுக்கு வருவார். இது தாலுகா ஆபீஸ் தலைப்பு மாதிரி இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து, வெள்ளி இரவு

காட்சியும் ஆகாது, ஐயா. அதுவும் கோர்ட்டுச் சொத்துதான், நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். பெரியபுராணத்தில் நம்பியாரூரர் தன் அடிமை என்று வழக்காட வந்த கிழவரிடம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை என்ன கேட்கிறது? ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது. அங்கே காட்சி என்பது சாட்சி. ஒரு வழக்கில் ஒருவர் கண்டதைச் சொல்வது வேறு. இந்த அம்மா கேட்பது, இருநூறு பேரை எந்த முறையில் தேர்ந்தோம், யாரை விட்டோம் என்று கணக்குச் சொல்கிற வேலை.

கும்பகோணத்திலிருந்து, வெள்ளி நள்ளிரவு

வக்கீல் ஐயா பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். கிழவர் மூலவோலையை நீட்டிய பிறகு சபை அதை அப்படியே நம்பிவிட்டதா? நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அது எம்பிரிகல் இல்லையென்றால் வேறு எது? காட்சியை நான் விடுவதாயில்லை. ‘வழக்கு’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியப் பாயிரத்தில் ‘வழக்கும் செய்யுளும்’ என்று வருவது உலகத்தார் நடப்பு. அதைக் கொண்டுபோய்க் கேஸ் ஆக்கியது யார் குற்றம்? இந்தக் கோர்ட்டுக்காரர்கள்…

தஞ்சாவூரிலிருந்து (குழுப் பொறுப்பு), சனி காலை

ஓலைக்கும் வழக்குக்கும் தனி இழை தொடங்குங்கள், ஐயா. அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. ‘கள ஆய்வு’ என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை?

மயிலாடுதுறையிலிருந்து, சனி காலை

நான் வேண்டாம் என்பேன். களத்துக்குப் போகாமலும் இந்த ஆய்வு நடக்கும். 1908-இல் அமெரிக்காவில் பிராண்டைஸ் என்ற வக்கீல் (பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்) பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற ஒரிகன் மாநிலச் சட்டத்துக்காக வாதுரை தாக்கல் செய்தார். அதில் சட்ட வாதம் இரண்டு பக்கம்தான். மீதி நூறு பக்கத்துக்கு மேல் தொழிற்சாலை ஆய்வாளர், மருத்துவர் அறிக்கைகள். எல்லாம் நூலகத்தில் திரட்டியவை. ஒரு கோர்ட்டின் ஐந்நூறு ஜாமீன் உத்தரவுகளை எடுத்து, எத்தனை நாளில் கிடைத்தது என்று அட்டவணை போட்டாலும் எம்பிரிகல்தான். சேறு மிதிக்க வேண்டியதில்லை. ‘தரவுவழிச் சட்ட ஆய்வு’ என்று வையுங்கள், அக்கா. தரவு எல்லோருக்கும் பழகிவிட்டது.

வேடிக்கைக்கு ஒன்று. ரோஸ்கோ பவுண்ட் 1910-இல் எழுதிய கட்டுரை புத்தகத்தில் இருக்கும் சட்டத்தையும் நடப்பில் இருக்கும் சட்டத்தையும் பிரித்துப் பேசுகிறது. நம்மில் அதற்கு ‘ஏட்டுச் சட்டம், நாட்டுச் சட்டம்’ என்றால் போதும். சுரைக்காயும் கூடவே வந்துவிடும்.

கும்பகோணத்திலிருந்து, சனி மதியம்

தரவு கலிப்பாவின் முதல் உறுப்பு. அடுத்துத் தாழிசை எங்கே?

திருவாரூரிலிருந்து, ஞாயிறு மாலை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாணவர்களோடு பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தோம். வினாத்தாளில் ‘தாங்கள் செலுத்தும் குத்தகைத் தொகை யாது?’ என்று அச்சடித்திருந்தோம். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் வினாத்தாளைப் பார்த்தார், எதிரே நின்ற நிலக்காரரின் காரியஸ்தரைப் பார்த்தார், “நமக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்றார். ஒரு மாணவி அவரோடு வாய்க்கால் வரைக்கும் நடந்து போய், “ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை அளக்கிறீங்க தாத்தா?” என்று கேட்டாள். அப்புறம் அரை மணி நேரம் அவர் நிறுத்தவில்லை. பதிவேட்டில் பெயர் ஏற்றப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது என்பதையும் சொன்னார். அத்தியாயத்தில் இதைச் சேர்த்துவிட்டேன். வினாத்தாளையும் மாற்றி அடிக்கிறோம்.

தலைப்பு ‘தரவுவழிச் சட்ட ஆய்வு’. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் எம்பிரிகல் என்று பக்கத்தில் போடுகிறேன். மூன்று பேர் சம்மதம், மற்றவர்கள் அலுத்துப்போய்ப் பேசாமல் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து, ஞாயிறு இரவு

சம்மதம். அந்தப் பெரியவர் பெயரையும் ஊரையும் மட்டும் அச்சில் போட்டுவிடாதீர்கள், அம்மா.

கும்பகோணத்திலிருந்து, திங்கள் அதிகாலை

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். விடிய விடிய யோசித்ததில் ஒன்று கிடைத்தது. ‘எண்ணுதல்’ என்றால் நினைப்பது, கணக்கிடுவது இரண்டும்தான். ‘எண்ணாய்வு’! இதைக் கோர்ட்டும் இன்னும் தொடவில்லை. அச்சுக்குப் போய்விட்டதா?