ஃபெராரி 550 மரனெல்லோ: வைத்திருந்தவர்கள் யாராவது உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் 1999 மாடல் 550 மரனெல்லோ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் 5.5 லிட்டர் வி12 எஞ்சின், ஆறு கியர் மேனுவல், வலப்பக்க ஸ்டீயரிங். கருநீல வண்டி, உள்ளே பழுப்புத் தோல். முதல் உரிமையாளர் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். கியரை மாற்றும்போது உலோகத் தகட்டின் பள்ளத்தில் ‘க்ளக்’ என்று விழும் அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

கவலை ஒன்றுதான். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் பட்டை) மாற்றியதற்கு பில் இல்லை. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். டாஷ்போர்டு தோல் கண்ணாடியோரம் சுருங்கியிருக்கிறது, பொத்தான்கள் பிசுபிசுக்கின்றன. அதெல்லாம் சரிசெய்துகொள்ளலாம்.

பெல்ட் வேலைக்கு எவ்வளவு ஆகும்? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சனிக்கிழமை மறுபடி போகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.