புதுப்பிப்பு: கேம் ஆடும்போது ரீஸ்டார்ட் ஆன லேப்டாப் சரியாகிவிட்டது

நாலு வருஷ லேப்டாப், கேம் தொடங்கி 20 நிமிஷத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் (கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிவு செய்யும் இடம்) ஒவ்வொரு தடவையும் 'கெர்னல் பவர் 41' என்ற பிழைப் பதிவு இருந்தது. 'பவர்' என்று பார்த்ததும் சார்ஜர்தான் கோளாறு என்று நினைத்து 70 சிங்கப்பூர் வெள்ளிக்குப் புதுசு வாங்கினேன். தப்பு. மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்லும், காரணத்தைச் சொல்லாது. வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே ஆடிப் பார்த்தேன். சிபியு (பிராசசர்) 98 டிகிரியைத் தொட்டதும் திரை கருத்தது. ஆக, சூடுதான் பிரச்சினை.

பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்கிவிட்டு (தயவுசெய்து இதை மறக்காதீர்கள்) உள்ளே பார்த்தால், ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளித் துணி மாதிரி தூசி படிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் இது வராது. ஃபேனைக் கழற்றி ட்வீசரால் முழுசாக உரித்தெடுத்தேன். சிபியு சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் காய்ந்து உதிர்ந்தது. சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதியில் புதுசு வாங்கி, பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பூசினேன்.

நேற்று மதியம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏர்கான் போடாமல், அதே கேமை இரண்டு மணி நேரம் ஆடினேன். 84 டிகிரியைத் தாண்டவில்லை, ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியதும் இன்னும் 5 டிகிரி இறங்கியது.

ஃபேனில் மட்டும் லேசான உரசல் சத்தம் கேட்கிறது. அதை அடுத்து மாற்றப்போகிறேன்.