இழை: டிராஃப்ட் – வரைவா, ஏலமா, தெரிவா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டுக் கலைச்சொல் பட்டியலில் டிராஃப்ட் என்பதற்கு எதிரே இன்னும் "வரைவு" என்றே நிற்கிறது. சட்ட வரைவுக்கும் கடித வரைவுக்கும் பொருந்தும் சொல்லை யாரோ அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். "சான் அன்டோனியோ அணி 2023 வரைவில் விக்டர் வெம்பன்யாமாவை எடுத்தது" என்று படித்தால், அவரை ஏதோ கோப்பிலிருந்து உருவியது போல இருக்கிறது.

சொல் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். என்.பி.ஏ. எனும் வட அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். சுற்றுகள் இரண்டு. உரிமை எதுவும் பறிக்கப்படாத ஆண்டில் மொத்தம் 60 பேர். வரிசையின் அடிப்படை, முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னிடம் என்பது. முதல் 4 இடங்களை மட்டும் மே மாதக் குலுக்கல் முடிவு செய்யும். நலிந்த அணி தன்னை மீட்டுக்கொள்ள இதுவே முதன்மையான வழி.

ஐ.பி.எல். பழக்கத்தில் பலர் "ஏலம்" என்று எழுதுகிறார்கள். அது முழுத் தவறு. ஏலத்தில் பணம் பேசும், ஒரே ஆளுக்குப் பத்து அணிகள் கை தூக்கலாம். இங்கே விலை கூறல் என்பதே கிடையாது. முறை வந்த அணி ஒரு பெயரைச் சொல்லும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் சம்பளத்தைக்கூட அவர் எடுக்கப்பட்ட இடமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

என் முன்மொழிவு "ஆளெடுப்பு". எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

மடல் 2

> ஆளெடுப்பு

புரியும் ஐயா, தவறாகப் புரியும். காவல்துறைக்கு ஆளெடுப்பு என்றால் விண்ணப்பித்தவர்களில் தகுதியானவர்களைத் துறை எடுத்துக்கொள்கிறது. விரும்பாதவர் விண்ணப்பிக்காமல் இருக்கலாம், வேறு துறைக்குப் போகலாம். டிராஃப்டில் ஆட்டக்காரருக்கு அணியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. ஒரு அணி பெயரைச் சொன்னதும், அந்தச் சங்கத்துக்குள் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த ஓர் அணிக்கு மட்டுமே. இந்தத் தனியுரிமையைச் சொல் எங்காவது தொட வேண்டும்.

"வரைவு" பற்றி ஒரு வார்த்தை. அதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. அகத்துறையில் வரைவு என்றால் மணம். ஒருத்தியை இன்னாருக்கு உரியவள் என்று வரையறுத்துக்கொள்வது. வரைவு கடாதல் என்று ஒரு துறையே உண்டு. குறளின் 92ஆம் அதிகாரத்துத் தலைப்பு வரைவின் மகளிர். இவருக்கு இவர் என்று வரையறுப்பது டிராஃப்டுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு அந்தப் பொருள் செத்துப்போய்விட்டது. செத்த பொருளைக் கொண்டுவந்து கலைச்சொல்லாக்க முடியாது என்பதால் நானும் வேண்டாம் என்கிறேன். தள்ளுகிற காரணம் சரியாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

தெருவில் இருக்கிற சொல்லையும் பார்த்துவிடலாமே. சடுகுடுவுக்கு அணி சேர்க்கும்போது உத்தி பிரிப்போம். இருவர் இருவராகத் தள்ளிப்போய் ஆளுக்கொரு மாற்றுப்பெயர் வைத்துக்கொண்டு தலைவர்களிடம் வருவது, தலைவர் ஒரு பெயரைக் கேட்பது. "உத்தி பிரிப்பு" எப்படி?

மடல் 3

உத்தி பிரித்தல் அழகான சொல். ஆனால் அதன் உயிரே, தலைவருக்குத் தான் யாரைக் கேட்கிறோம் என்று தெரியக்கூடாது என்பதுதான். என்.பி.ஏ. அணியோ ஓர் ஆட்டக்காரரின் கைநீளம், கணுக்கால் எக்ஸ்ரே வரை பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொல்லும். போதாக்குறைக்கு இன்று உத்தி என்றால் ஆட்டத் திட்டம் என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. "அணியின் உத்தி பிரிப்பு உத்தி" என்று ஒரு வாக்கியம் வந்தால் யார் பொறுப்பு?

இலங்கைத் தமிழில் தேர்தலில் ஒருவர் தெரிவாவார், குழுவுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்வோம். தமிழ்நாட்டில் "தேர்வு" என்றாலே பரீட்சை முன்னால் வந்து நிற்கிறது. அந்தச் சிக்கல் "தெரிவு"க்கு இல்லை. அத்தோடு முறை வைத்து நடப்பதால் "முறைத்தெரிவு" என்று சொல்லலாம். முறை என்பதில் வரிசையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. முறைமாமன் என்பதில் உள்ள முறை போல.

மடல் 4

முறைத்தெரிவு நன்று, நிகழ்ச்சிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இழை நிகழ்ச்சியின் பெயரிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அணியை மீளக் கட்டுவது பற்றி எழுதுகிறவருக்கு நூறு தடவை தேவைப்படும் சொல் நிகழ்ச்சியின் பெயர் இல்லை. "பிக்" என்பதற்கான சொல்லே தேவை. அதற்கு வெறும் "தெரிவு" என்று போட்டால் பாதி வாக்கியங்கள் உடைந்துவிடும்.

ஏன் என்றால், பிக் என்பது தெரிவு செய்யும் செயல் அல்ல. வருங்காலத்தில் தெரிவு செய்வதற்கான உரிமை. விற்கலாம், வாங்கலாம், கடன் பத்திரம் போலக் கைமாற்றலாம், 7 ஆண்டுகள் முன்னதாகவே. உரிமையை உண்டாக்கிய அணி ஒன்றாகவும் அதைக் கையில் வைத்திருக்கும் அணி வேறாகவும் இருக்கலாம்.

இதற்கு பாஸ்டன் – புரூக்ளின் பரிமாற்றத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2013இல் புரூக்ளின் அணி கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகிய மூத்த ஆட்டக்காரர்களை பாஸ்டனிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலையில் 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள் இருந்தன. 2017இல் இரு அணிகளின் இடங்களில் சிறந்ததை பாஸ்டன் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. மூத்தவர்கள் ஓய்ந்தார்கள், புரூக்ளின் சரிந்தது. 2016இல் அந்த உரிமை 3ஆம் இடமாக விளைந்து, பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுன் கிடைத்தார். 2016-17 பருவத்தில் புரூக்ளின் 20 வெற்றி, 62 தோல்வி. பாஸ்டன் 53 வெற்றிகளோடு கிழக்குப் பிரிவின் முதலிடம். முதல் தெரிவு யாருக்கு? பாஸ்டனுக்கு! தோற்றது ஒருவர், பலன் இன்னொருவருக்கு. அந்த முதலிடத்தை பாஸ்டன் ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, அவர்களுடைய 3ஆம் இடத்தையும் பின்னாளைய ஒரு முதல் சுற்று உரிமையையும் வாங்கியது. ஃபிலடெல்ஃபியா மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது, பாஸ்டன் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. மீதி ஊரறிந்த கதை.

புரூக்ளினும் தோற்றது, ஆனால் தோல்வியின் கூலி அதற்குக் கிடைக்கவில்லை. உரிமையைக் கைவிட்டு அணியை மீளக் கட்ட முடியாது. ஆகவே "தெரிவுரிமை" என்றே வைக்க வேண்டும்.

வைத்துப் பார்த்தால் கிளைச்சொற்கள் தானாக வந்து விழுகின்றன. இரு அணிகளின் இடங்களில் சிறந்ததை எடுத்துக்கொள்வது "மாற்றுரிமை". குறிப்பிட்ட இடத்துக்குள் வந்தால் கைமாறாது என்ற நிபந்தனை உள்ளது "காப்புத் தெரிவுரிமை". காப்பு 10 என்றால் 1 முதல் 10 வரை விழுந்தால் கொடுத்தவருக்கே, 11 முதல் என்றால் வாங்கியவருக்கு.

காப்பு எங்கே கோளாறு செய்யும் என்பதையும் பட்டியலின் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். 2023இல் டாலஸின் தெரிவுரிமை காப்பு 10உடன் நியூயார்க்குக்குக் கடன்பட்டிருந்தது. பருவத்தின் கடைசி நாட்களில், மேற்சுற்றுக்கான (பிளே-ஆஃப்) வாய்ப்பு இன்னும் இருந்தபோதே, டாலஸ் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்தது. சங்கம் 7.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் 10ஆம் இடம் டாலஸிடமே தங்கியது. அபராதம் வண்டிக்கூலி மாதிரி, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆகிவிட்டது.

இன்னொரு வேலி ஸ்டெபியன் விதி. வரும் ஆண்டுகளில் அடுத்தடுத்த இரு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தெரிவுரிமை இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக்கூடாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் உரிமைகளை வாரி இறைத்ததால் வந்தது. பெயர்ச்சொல், அப்படியே விடலாம்.

மடல் 5

> தெரிவுரிமை

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உரிமைகள் இரண்டு. ஜூனுக்கு முன் இருப்பது யாரையாவது தெரிவு செய்யும் உரிமை. பெயரைச் சொன்ன பிறகு இருப்பது அந்தக் குறிப்பிட்ட ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் செய்யும் உரிமை. இரண்டாவதும் தனியாகக் கைமாறும். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரை 2018இல் 11ஆம் இடத்தில் தெரிவு செய்த அணி சார்லட். அன்றிரவே அவர் மீதான உரிமை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனது. நிகோலா யோகிச்சை டென்வர் 2014இல் 41ஆம் இடத்தில் எடுத்தது. அவர் ஓர் ஆண்டு செர்பியாவில் ஆடிவிட்டு 2015இல்தான் வந்தார். அந்த ஓராண்டு டென்வரிடம் இருந்தது ஆளும் அல்ல, தெரிவுரிமையும் அல்ல. அதற்கு "ஒப்பந்த உரிமை" என்று தனிப் பதிவு வேண்டும்.

புதுவர் ஒப்பந்தத்தையும் சேருங்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு நிர்ணய அட்டவணைச் சம்பளம், அதில் 80 முதல் 120 விழுக்காடு வரை. நடைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் 120தான். முதல் 2 ஆண்டு உறுதி, 3ஆம் 4ஆம் ஆண்டுகள் அணியின் விருப்பம். சம்பள உச்சவரம்புள்ள சங்கத்தில், நட்சத்திரம் ஒருவர் 4 ஆண்டுகள் மலிவாக ஆடுவார் என்பதுதான் தெரிவுரிமைக்கு விலை தருகிறது. இதைச் சொல்லாமல் எழுதப்படும் விளக்கம், திறமை வேட்டை பற்றிய புகழுரையாக நின்றுவிடும்.

ஓக்லஹோமா சிட்டியின் கணக்கும் இதுவே. 2019 ஜூலையில் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷேயையும், 5 முதல் சுற்றுத் தெரிவுரிமைகளையும், 2 மாற்றுரிமைகளையும் வாங்கியது. 2020-21, 2021-22 இரண்டும் மோசமான பருவங்கள்: 22 வெற்றி 50 தோல்வி, பிறகு 24-58. 2022இல் தன் சொந்த 2ஆம் இடத்தில் செட் ஹோம்கிரன், கிளிப்பர்ஸிடமிருந்து வந்த 12ஆம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ். பிறகு 40, 57, 68 வெற்றிகள், 2025இல் வாகை. கிளிப்பர்ஸோ அந்த 12ஆம் இடம் விளைந்த பருவத்தில் 42-40. கையிலிருந்த உரிமைகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று, தோல்வியைத் தேடாத இன்னோர் அணியின் பெயரில் வந்தது.

மடல் 6

அடுத்தது "டேங்கிங்", அதாவது முன்னிடத்துத் தெரிவுரிமைக்காக வேண்டுமென்றே தோற்பது. இதை "சூதாட்டம்" என்று எழுதும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். கிரிக்கெட் செய்திகளில் அந்தச் சொல் பணம் வாங்கிக்கொண்டு முடிவை விற்பதைக் குறிக்கிறது. இங்கே ஆட்டக்காரர்கள் வெல்லத்தான் ஆடுகிறார்கள். தோற்கும்படி அணியை அமைப்பது மேலாண்மை: மூத்தவர்களை விற்பது, சிறு காயத்துக்கு நீண்ட ஓய்வு, அனுபவமற்றவர்களுக்கு நான்காம் கால்பகுதி.

என் முன்மொழிவு "தரிசு விடல்". நிலத்தை ஒரு பருவம் தரிசு விட்டு வளம் சேர்ப்பது போல. ஆட்டத்துக்கும் வேளாண்மைக்கும் பருவம் என்ற ஒரே சொல் இருப்பது கூடுதல் வசதி.

மடல் 7

> தரிசு விடல்

சொல் இனிக்கிறது, அதனால்தான் ஐயம். தரிசு விடுபவர் அந்தப் பருவத்து நெல்லுக்கு விலை கேட்பதில்லை. இந்த அணிகள் 41 உள்ளூர் ஆட்டங்களுக்கும் நுழைவுச்சீட்டு விற்கின்றன.

தரிசு விட்டால் வளம் கூடும் என்ற உறுதியும் இங்கே இல்லை. சாம் ஹிங்கி நடத்திய ஃபிலடெல்ஃபியா 2013 முதல் மூன்று பருவங்களில் 19, 18, 10 வெற்றிகள். மொத்தம் 47-199. அதில் ஜோயல் எம்பீட் கிடைத்தார், காயத்தால் முதல் இரண்டு பருவம் ஆடவே இல்லை. அடுத்த ஆண்டின் 3ஆம் இடத்தில் வந்த ஜாலீல் ஒக்காஃபோர் நிலைக்கவில்லை. சாக்ரமென்டோ 2007 முதல் 2022 வரை 16 பருவங்கள் தொடர்ந்து மேற்சுற்றுக்குப் போகவில்லை. 2018இல் 2ஆம் இடம் கையில் இருந்தும் மார்வின் பேக்லியை எடுத்தது, லூக்கா டோன்சிச் 3ஆம் இடத்தில் போனார். தோற்றால் இடம்தான் கிடைக்கும், கண் கிடைக்காது.

2019இலிருந்து அந்த இடத்துக்கான உறுதியும் குறைந்துவிட்டது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் 4 எடுப்பார்கள். 1001 சேர்க்கைகள், ஒன்றை விட்டுவிட்டு 1000த்தைப் பங்கிடுவார்கள். முன்பு கடைசி அணிக்கு 250 சேர்க்கை. இப்போது கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140தான். மிக மோசமான அணி 5ஆம் இடம்வரை சறுக்கலாம், அதற்கான வாய்ப்பு 47.9 விழுக்காடு. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு ஆண்டும் கடைசியில் முடித்து இரண்டு முறையும் 5ஆம் இடம் வாங்கியது. 2025இல் 1.8 விழுக்காடு வாய்ப்பு வைத்திருந்த டாலஸுக்கு முதலிடமும் கூப்பர் ஃபிளாக்கும்.

அணிகள் தம் செயலைத் தாமே அழைக்கும் சொல்லுக்கு "மறுகட்டுமானம்" போதும். விமரிசகர் சொல்லுக்கு "வேண்டுதோல்வி". வேண்டுகோள் போல வினைத்தொகை, குற்றச்சாட்டு உள்ளேயே இருக்கிறது, சூது என்ற பழி இல்லை.

மடல் 8

வேண்டுதோல்விக்கு என் ஒப்புதல். தரிசை விட மனமில்லை, ஆனாலும் சரி.

குலுக்கலுக்கு ஒருவர் தனிமடலில் "குடவோலை" என்று கேட்டிருந்தார். உத்திரமேரூர்க் குடத்தில் தகுதி பெற்ற ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஓலை, எல்லா ஓலையும் சமம். 1985இல் உறைகளை வைத்து நடந்த முதல் குலுக்கலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், அப்போது 7 அணிகளுக்கும் சம வாய்ப்பு. 1990 முதல் எடை வந்துவிட்டது. ஆகவே "எடைக் குலுக்கல்". "லாட்டரி" வேண்டாம், அது பரிசுச்சீட்டுக் கடையை நினைவூட்டும்.

பதிவேற்றப் போகும் பட்டியல்: முறைத்தெரிவு, தெரிவுரிமை, காப்புத் தெரிவுரிமை, மாற்றுரிமை, ஒப்பந்த உரிமை, புதுவர் ஒப்பந்தம், எடைக் குலுக்கல், வேண்டுதோல்வி. "வரைவு" பழைய வழக்கு என்ற குறியோடு இருக்கும், தேடுபவர் வழிதவறக்கூடாது.

ஒன்று தீரவில்லை. எந்த அணியும் தெரிவு செய்யாமல் விட்ட ஆட்டக்காரரை எப்படி அழைப்பது? ஓக்லஹோமாவின் லூகென்ட்ஸ் டோர்ட் அப்படி வந்தவர்தான். "தெரிவாகாதவர்" என்றால் தேர்தலில் தோற்றவர் மாதிரி இருக்கிறது. "விடுபட்டவர்" என்றால் எழுத்துப்பிழை மாதிரி. அவர் எந்த அணியோடும் பேசலாம் என்ற அனுகூலமும் சொல்லில் தெரிய வேண்டும். ஞாயிறு வரை பார்க்கிறேன்.