புதுப்பிப்பு: இடைக்காலக் கல் கட்டடத்தில் சுவர் ஈரம், சரியாகிவிட்டது

பழுதுபார்த்து, பொதுக் கூட்டங்களுக்கும் அறப்பணிக்கும் திறந்துவிட்ட இடைக்காலக் கட்டடத்தில் உள்சுவர் இடுப்பளவு ஈரமாகி வெள்ளையாக உப்புப் பூக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது சிமெண்ட் பூச்சை எடுக்கச் சொன்ன யோசனைதான். எப்போதோ யாரோ சிமெண்ட் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருந்ததால், சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கையால் கொத்தி எடுத்து, சில மாதம் வெறுங்கல்லாக உலரவிட்டு, அப்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகும், அதனால் மெலிதாகப் பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள்.

எதிர்பாராதவை இரண்டு. வெளியே மண் காலப்போக்கில் சேர்ந்து உள்தரையைவிட உயர்ந்திருந்தது, அதைத் தோண்டி இறக்கிய பிறகே அடிச்சுவர் காய்ந்தது. இன்னொன்று, கூட்டம் நிறையும் நாளில் மூச்சுக்காற்றின் ஈரமே குளிர்ந்த கல்லில் வேர்க்கிறது. மேல் சன்னல்களைத் திறந்து வைத்தால் போதும். உதவிப் பொருள் மூட்டைகளை மட்டும் இன்னும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே அடுக்குகிறோம்.