தங்கை கல்யாணம், கையில் நாலு லட்சம்: எதைக் குறைப்பது?

கொழிஞ்சாம்பாறை அண்ணன்:
அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான் தங்கை கல்யாணத்தைப் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி பக்கம். நல்ல மனிதர்கள், நகை, பணம் என்று எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் பழைய நகை நாலு பவுன் இருக்கிறது, அதையே போடுகிறோம். தை மாதம் வைக்கலாம் என்று பேச்சு. கையில் நாலு லட்சம், அதில் ஒரு லட்சம் அம்மா சீட்டு எடுத்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 500 பேரை அழைக்க வேண்டும். மண்டபம் ஞாயிறு என்றால் 75,000, மற்ற நாள் 45,000. முதல் நாள் மாலை வரவேற்பு, காலை டிபன், மதியம் சத்யா (கேரளத்து இலைச் சாப்பாடு) மூன்றும் வேண்டும் என்கிறார் பெரியப்பா. இரண்டு லட்சம் வட்டிக்கு வாங்கினால் மொய் பணத்தில் அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். சரியா?

வேலந்தாவளம் தையல்கடை:
தம்பி, தயவுசெய்து அந்தக் கடனை வாங்காதீர்கள். என் மூத்த மகள் கல்யாணத்துக்கு நான் இதையேதான் செய்தேன். மூன்று ரூபாய் வட்டிக்கு இரண்டு லட்சம். மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டும். அசலில் கை வைக்கவே இரண்டரை வருடம் ஆனது. மொய் 1,10,000 வந்தது உண்மைதான். ஆனால் மொய் நோட்டைப் பிரித்துப் பார்த்தால் பாதி நாம் முன்னே செய்ததற்குத் திரும்பி வந்தது, மீதி நாம் இனிமேல் திருப்பிச் செய்ய வேண்டியது. அடுத்த வருடமே பதினான்கு வீட்டுக்குச் செய்தேன். மொய்யை நம்பிக் கடன் வாங்கினால் ஒரே பணத்தை இரண்டு இடத்தில் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இளையவள் கல்யாணத்தைப் போன வருடம் கடன் இல்லாமல் முடித்தேன். ஆட்களைக் குறைக்கவில்லை, பந்தியைக் குறைத்தேன். கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற நமக்கு இது ஒரு கஷ்டம். மலையாளிகள் வீட்டில் தாலி கட்டியதும் மதியம் ஒரே சத்யா, மூன்று மணிக்கு மண்டபம் காலி. பொள்ளாச்சிப் பக்கம் முதல் நாள் மாலையே இலை போடுவார்கள், விடியற்காலை முகூர்த்தம், அப்புறம் டிபன். நாம் இரண்டு ஊர் வழக்கத்தையும் விடாமல் மூன்று வேளையும் போடுகிறோம். மூத்தவளுக்குச் செலவில் பாதி அங்கேதான் போனது.

இளையவளுக்கு முகூர்த்த நேரத்தையே தள்ளி வைத்தோம். வியாழக்கிழமை காலை 10.30க்கு மேல் மதியம் 1.30 வரை ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. நாளும் நட்சத்திரமும் ஜோசியர் பார்த்துச் சொன்னார், அந்த நேரத்தையே வாங்கினோம். முகூர்த்தம் விடியற்காலை இல்லையென்றால் யாரும் இரவு தங்க வேண்டாம். டிபன் வெளியூர்க்காரர்கள் 60 பேருக்கு மட்டும், அதுவும் இட்லி, பொங்கல், காப்பி. பதினொன்றரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது.

500 பேரை அழைத்தோம். இலைக்கு 180 ரூபாய் என்று பேசி 420 இலை சொன்னேன், 75,600 ஆனது. வந்தவர்கள் 411. சமையல்காரர் முதலில் 24 வகை என்று எழுதிக்கொடுத்தார், நான் 15 ஆக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பாயசத்தில் கை வைக்காதீர்கள். பாலடை, பருப்பு இரண்டும் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது பாயசத்தைப் பற்றித்தான்.

பொள்ளாச்சி சமையல்:
அக்கா சொன்னது சரி. நான் சமையல் வேலைக்கு இரண்டு பக்கமும் போகிறேன். இலைக்கு இவ்வளவு என்று பேசும்போதே பரிமாற ஆள், தண்ணீர், பாத்திரம் கழுவும் கூலி உள்ளே வருகிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசி நாளில் சண்டை வருவது அதில்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் கேரளாவில் 2020 ஜனவரி முதலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிவிட்டு மண்டபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம், ஸ்டீல் டம்ளர் வாடகைக்குச் சொல்லிவிடுங்கள். காய்கறியை முதல் நாள் பொள்ளாச்சி மார்க்கெட்டில் நீங்களே எடுத்தால் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

சித்தூர் வாசகர்:
ஒரு சின்ன விஷயம். கல்யாணம் எந்த மாநிலத்தில் நடக்கிறதோ அங்கேதான் பதிவு. கேரளாவில் என்றால் மண்டபம் இருக்கிற பஞ்சாயத்தில் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் சார்பதிவாளர் அலுவலகம், 90 நாள். பொள்ளாச்சிக்குப் போன பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை அண்ணன்:
நன்றி அக்கா, அண்ணா. நேற்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வியாழக்கிழமைக்கு அம்மா சம்மதம், கடன் வேண்டாம் என்று முடிவு. பெரியப்பா இன்னும் பேசவில்லை. மாலைப் பந்தி இல்லை என்பதை மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது? அவர்கள் ஊர் வழக்கம் ஆயிற்றே.

வேலந்தாவளம் தையல்கடை:
போனில் சொல்லாதீர்கள் தம்பி. அம்மாவை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள், பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள், அவர்தான் பேச வேண்டும். கையில் இருக்கிற தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். நான் சம்பந்தியம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் பக்கத்து வரவேற்பை மறுவீட்டன்று அவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்வதாக அவர்களே சொன்னார்கள். உங்களிடம் எதுவும் கேட்காதவர்கள் இதையும் புரிந்துகொள்வார்கள். போய்வந்து எழுதுங்கள். தங்கைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டுமென்றால் என்னிடம் கொடுங்கள், கூலி வேண்டாம்.